கேக் நடுவில் குழி விழுகிறது. அப்பா எவ்வளவு தூரம் உள்ளே வரலாம்?

சனிக்கிழமை அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமாகப் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவன் நான். இன்று கேட்டே ஆக வேண்டும்.

மகளுக்குப் பத்து வயது. முதலில் மணி கோத்தாள், அப்புறம் காகிதத்தில் கொக்கு மடித்தாள், அதற்கப்புறம் சதுரங்கம். எல்லாமே கொஞ்ச மாதம் ஓடும். பிறகு அதன் சாமான்கள் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும். கேக் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. சனிக்கிழமையானால் வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வைத்துவிட்டுத்தான் பல் தேய்க்கவே போகிறாள்.

சிக்கல் இதுதான். அவள் செய்வது சாதாரண வெண்ணெய் கேக். ஓவனுக்குள் இருக்கும்போது அருமையாக எழும்புகிறது. கண்ணாடி வழியே பார்த்துக் குதிக்கிறாள். வெளியே எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் நடுப்பகுதி அமுங்கிவிடுகிறது. மேலே நல்ல பழுப்பு நிறம், ஓரமெல்லாம் சரியாக நிற்கிறது, நடுவில் மட்டும் பள்ளம். தம்பிக்காரனுக்கு ஆறு வயது. அவன் அந்தப் பள்ளத்தில் ஜாம் ஊற்றித் தரச் சொல்கிறான். அவனுக்கு இது ஒரு வசதி. இவளுக்கோ மூக்கு சிவந்துவிடுகிறது. ஆனாலும் விடவில்லை, அடுத்த வாரம் மறுபடி வெண்ணெய் வெளியே வருகிறது.

அளவு: மைதா ஒன்றரை கப், சர்க்கரை ஒரு கப், வெண்ணெய் 150 கிராம், முட்டை 3, பால் கால் கப், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன். குறிப்பில் பவுடர் இரண்டு ஸ்பூன்தான். நன்றாக எழும்பட்டும் என்று இவளாக ஒன்று கூட்டிக்கொண்டாள். 20 செ.மீ. வட்ட டின், 180 டிகிரி. பாதியில் ஒருமுறை கதவைத் திறந்து டின்னைத் திருப்பி வைப்பாள். யாரோ சொன்னார்களாம்.

இன்னொரு கேள்வி, உண்மையில் இதுதான் எனக்குப் பெரியது. நான் எவ்வளவு தலையிடலாம்? அந்தக் கூடுதல் ஸ்பூனைப் பார்க்கும்போதே கை துறுதுறுக்கிறது. என் மனைவி, "அவள் கேக், அவள் குழி, விடுங்க" என்கிறார். இதற்கிடையில் சொந்தக்காரர்கள் வேறு: வகுப்பில் சேருங்கள், போட்டிக்கு அனுப்புங்கள், ஆர்டர் எடுக்கலாமே என்று ஆளுக்கொரு யோசனை. வாரா வாரம் இவ்வளவு இனிப்பு வீட்டில் இருப்பதும் உறுத்துகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணெய்ப் பாட்டி பதில்:

தம்பி, முதலில் குழந்தையைப் பாராட்டிவிடுகிறேன். வெண்ணெயை முன்கூட்டியே வெளியே வைக்கத் தெரிந்தவளுக்குப் பாதி வித்தை வந்துவிட்டது. பெரியவர்களே அதைச் செய்ய மாட்டார்கள். கல்லாக இருக்கிற வெண்ணெயை மிக்ஸியில் போட்டுச் சண்டை போடுவார்கள்.

இப்போது குழி. நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணம் தெரிகிறது. எது என்று நான் சொல்லிவிடலாம். ஆனால் அவளே கண்டுபிடிக்கட்டும், அதற்கு வழி மட்டும் சொல்கிறேன்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போதே அதற்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்கின்றன. பேக்கிங் பவுடர் விடுகிற கார்பன் டை ஆக்சைடு அந்தக் குமிழிகளுக்குள்தான் போய் அவற்றை ஊதிப் பெரிதாக்குகிறது. பவுடர் அளவோடு இருந்தால் குமிழிகள் மெல்ல வளரும். அதற்குள் முட்டையும் மாவிலிருக்கும் ஸ்டார்ச்சும் சூட்டில் இறுகிச் சுவர் எழுப்பிவிடும். பவுடர் கூடிப்போனால் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகி, சுவர் இறுகுவதற்குள் உடைந்துவிடும். ஓரம் முதலில் வேகும், ஆகவே நிற்கும். நடு கடைசியில்தான் வேகும், அது விழும். அதிகம் போட்டால் அதிகம் எழும்பும் என்பது நியாயமான நினைப்புதான், ஒரு அளவு வரைக்கும். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றேகால். ஒன்றரை கப்புக்கு மூன்று என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் குறிப்பில் இருக்கிற இரண்டு ஸ்பூனே தாராளம்.

இரண்டாவது, பாதியில் கதவைத் திறப்பது. அந்த நேரத்தில் நடு இன்னும் குழம்பாகத்தான் இருக்கும். சூடு சட்டென்று இறங்கினால் உள்ளே விரிந்திருந்த வாயு சுருங்கிவிடும். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முக்கால்வாசி நேரம் போன பிறகு செய்யட்டும்.

மூன்றாவது, வெளியே பழுப்பாகி உள்ளே வேகாமல் எடுப்பது. மேலே நல்ல நிறம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நிறத்தை நம்பாதீர்கள். நட்டநடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது. ஓரிரண்டு துணுக்கு ஒட்டினால் பரவாயில்லை. விரலால் நடுவில் லேசாக அழுத்தினால் பள்ளம் நிற்காமல் மேலே வர வேண்டும்.

இதில் எது குற்றவாளி என்று கேக்கே சொல்லும். ஆறிய பிறகு குழிக்கு நேராகக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். உள்ளே பெரிய பெரிய ஓட்டை, உதிர்கிற மாதிரி சொரசொரப்பு என்றால் பவுடர் அதிகம். நடுவில் ஈரமாக, பிசுபிசுவென்று ஒரு பட்டை ஓடினால் வேகவில்லை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பவுடரைக் குறைத்தால் அன்றைக்குச் சூட்டில் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கேக் சரியாக வரும், ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது. வெட்டின துண்டைப் படமாக வரைந்து வைக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு இருந்தால் நீங்கள் தலையிட வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடும். கேள்வியை நீங்கள் கேட்கலாம், பதில் நோட்டில் இருக்கும்.

கணக்கு வாத்தியார் பதில்:

பாட்டி சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. "ஒரு கப் மைதா" என்றால் எவ்வளவு பாட்டி? மாவைச் சலித்து ஸ்பூனால் மெல்ல நிரப்பினால் 120 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 தாண்டும். அதே கப், அதே குழந்தை, இந்த வாரம் ஒரு மாவு, அடுத்த வாரம் வேறு மாவு. ஒன்றை மட்டும் மாற்று என்று சொல்லிவிட்டு, கேட்காமலே மாறுகிற ஒன்றை உள்ளே விடலாமா? முதலில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள் சார். கிரீம் பிழிகிற அலங்கார முனைகள், சிலிக்கான் அச்சு எல்லாம் அப்புறம்.

தராசு வந்த அன்றைக்கே இந்த விளையாட்டு. இரண்டு முட்டையை ஓட்டோடு எடை போடச் சொல்லுங்கள். என்ன எடையோ அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். குறிப்பே வேண்டாம், முட்டைதான் குறிப்பு. பத்து வயதுக் குழந்தைக்கு விகிதம் என்றால் என்ன என்று இதைவிட நன்றாக என் வகுப்பில் என்னால் சொல்லித்தர முடியாது.

இனிப்பு அதிகம் என்று கேட்டீர்கள். சின்ன டின்னுக்கு மாறுங்கள். இங்கேயும் கணக்கு உண்டு. 20 செ.மீ. டின்னிலிருந்து 15 செ.மீ. டின்னுக்குப் போனால் கேக் கால் பங்குதான் குறையும் என்று தோன்றும். கிடையாது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 15க்கு 225, 20க்கு 400. ஆக, பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மேலே சொன்ன இரண்டு முட்டைக் கலவை 15 செ.மீ. டின்னுக்குப் பொருத்தமாக இருக்கும். அவளுக்குச் செய்கிற சந்தோஷம் முழுசு, வீட்டில் கேக் பாதி.

சர்க்கரையைக் குறைப்பதும் முடியும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்காதீர்கள். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, கேக்கை மெத்தென்று வைப்பது, நிறம் தருவது எல்லாம் அதன் வேலை. கொஞ்சம் குறைத்தால் தெரியாது. ரொம்பக் குறைத்தால் வறண்டுபோய் ரொட்டிக்கும் கேக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று வரும்.

வெண்ணெய்ப் பாட்டி பதில்:

வாத்தியாரே, தராசுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கப்பிலேயே செய்து நல்ல கேக் சாப்பிட்ட வீடுகள் எத்தனையோ. ஒரே கப்பை வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி அள்ளப் பழகினால் போதும். சரி, முட்டை எடைக் கேக் நல்ல யோசனை, அதற்காகத் தராசை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய பிஸ்கட் டப்பா பதில்:

கேக் விஷயத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் வகுப்பு, போட்டி, ஆர்டர் பற்றி மட்டும் எழுதுகிறேன் அண்ணா.

என் அக்கா மகளுக்குக் கேக் அலங்காரம் என்றால் உயிர். ரோஜாப்பூ, கூடைப் பின்னல் எல்லாம் அவளாகவே பழகினாள். தெரிந்தவர்கள் பிறந்தநாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் அவளுக்கு ஏக மகிழ்ச்சி. பிறகு ஒருவர் முந்தின நாள் ராத்திரி போன் செய்து, நீலம் வேண்டாம், ஊதா வேண்டும் என்றார். இன்னொருவர் எழுத்து கோணலாக இருக்கிறது என்றார். பணம் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார், அவர் மேல் தப்பில்லை. ஆனால் கோணலாக எழுதிப் பழக வேண்டிய வயசு அது. முனைகளையெல்லாம் துடைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். ரொம்ப நாள் கழித்துத்தான் மறுபடி சமையலறைக்குள் வந்தாள், அதுவும் கேக்குக்கு இல்லை, ரொட்டிக்கு. இப்போது யாராவது ஆர்டர் என்று வாயெடுத்தால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுகிறாள்.

வகுப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். அவளாகக் கேட்டால் சேருங்கள். கேட்காத வரைக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்து வாயை அடைத்துவிடுங்கள், வேறு வழியில்லை.

ரொட்டி பற்றிச் சொன்னேன் இல்லையா, இனிப்பு உறுத்துகிறது என்றால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ரொட்டி செய்யச் சொல்லிப் பாருங்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். ஒரே எச்சரிக்கை: தண்ணீர் வெதுவெதுப்பாக, 35 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். விரலை விட்டால் சுடக் கூடாது. 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும், மாவு அப்படியே உட்கார்ந்திருக்கும். பிசைந்த மாவைக் குழந்தைகள் தட்டி, குத்தி, இழுத்து என்ன செய்தாலும் கெட்டுப்போகாது. கேக் மாவுக்கு நேர் எதிர். அதை மைதா சேர்த்த பிறகு ரொம்பக் கலக்கினால் பசைத்தன்மை ஏறி இறுகிவிடும்.

இரட்டைக் குறும்பு பதில்:

ஆறு வயது தம்பிக்கு யாரும் வேலை கொடுக்கவில்லையே! எங்கள் வீட்டில் அந்த வயதில் இரண்டு பேர், ஆகவே சொல்கிறேன்.

டின்னுக்கு வெண்ணெய் தடவுவது அவன் வேலை. மாவு சலிப்பது அவன் வேலை (தரையில் பேப்பர் விரித்துவிடுங்கள்). முட்டையை உடைக்கத்தான் ஆசைப்படுவான். உடைக்கட்டும், ஆனால் தனிக் கிண்ணத்தில், ஒவ்வொன்றாக. ஓடு விழுந்தால் பாதி ஓட்டாலேயே அள்ளி எடுக்கலாம், சுலபமாக வரும். அக்கா அவனைத் திட்டுவதும் குறையும்.

கலவைக் கிண்ணத்தை நக்குவதற்கு மட்டும் அனுமதி இல்லை. பச்சை முட்டையில் சால்மொனெல்லா இருக்கலாம் என்று பலருக்கும் தெரியும். பச்சை மைதாவும் வேகாத பொருள்தான், அதிலும் கிருமி இருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. முட்டை இல்லாத மாவு என்றாலும் நக்க வேண்டாம். ஓவனுக்குள் வைப்பதும் எடுப்பதும் இன்னும் சில வருடம் உங்கள் கை. அதில் தலையிடுங்கள், மனைவி என்ன சொன்னாலும் சரி.

சனிக்கிழமை அப்பா பதில்:

எல்லாருக்கும் நன்றி. பதில்களை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். "மூணு காரணம் இருக்கு, எதுன்னு நீயே கண்டுபிடி" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். நோட்டுக்கு அட்டை போட்டு, மேலே "குழி" என்று எழுதியிருக்கிறாள்.

முதலில் பவுடரை இரண்டு ஸ்பூனாக்கினாள், மற்றதெல்லாம் பழையபடி. குழி வந்தது, ஆனால் ஆழம் குறைவு. வெட்டிப் பார்த்தால் ஓட்டைகள் சின்னதாகிவிட்டன. நடுவில் அந்த ஈரப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் கதவைத் திறக்கவில்லை. பட்டை இன்னும் போகவில்லை. அப்படியானால் வேகவில்லை என்று அவளே சொன்னாள். நான் செய்தது ஒரே ஒரு காரியம், ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்து உள்ளே வைத்தேன். குமிழ் 180இல் இருக்கும்போது உள்ளே 200க்கு மேல்! மேலே சீக்கிரம் பழுத்துவிடுகிறது, நாங்களும் ஆச்சு என்று எடுத்துவிடுகிறோம். இப்போது தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறைத்து வைக்கிறாள், குச்சி சொன்னால்தான் எடுக்கிறாள். நடு நிற்கிறது. தம்பிக்குத்தான் வருத்தம், ஜாம் ஊற்ற இடமில்லை.

தராசும் வந்துவிட்டது வாத்தியார் சார். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டார்கள், ரிமோட் உட்பட.

வகுப்பு வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள். அத்தோடு விட்டேன்.

அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று பாட்டிக்கு. சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "பாட்டி, பேக்கிங் சோடாவும் பவுடரும் ஒண்ணா? பவுடர் தீர்ந்துபோனா சோடா போடலாமா? பவுடரை யார் கண்டுபிடிச்சாங்க?"

வெண்ணெய்ப் பாட்டி பதில்:

கண்ணு, இரண்டும் ஒன்றில்லை. சோடா தனியாகச் சரியாகப் பொங்காது, அதற்குப் புளிப்பு வேண்டும். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு ஏதாவது இருந்தால்தான் நன்றாகப் பொங்கும். பவுடர் என்பது சோடாவோடு ஒரு புளிப்புப் பொடியையும் சேர்த்து, இரண்டும் டப்பாவிலேயே சண்டை போடாமல் இருக்கக் கொஞ்சம் சோள மாவும் கலந்தது. ஈரம் பட்டதும் வேலையை ஆரம்பிக்கும். இப்போது வருகிற பல பவுடர்கள் சூடு பட்டதும் இன்னொரு தடவையும் பொங்கும்.

பவுடருக்குப் பதில் சோடா போடலாம், அதே அளவு கூடாது. சோடாவுக்கு மூன்று நான்கு மடங்கு வலு. ஒரு ஸ்பூன் பவுடருக்குக் கால் ஸ்பூன் சோடா, பாலுக்குப் பதில் தயிர். தயிர் போடாமல் சோடாவை மட்டும் போட்டால் சோப்பு ருசி வரும், நிறமும் கறுக்கும்.

கண்டுபிடித்ததில் ஒரு கதை இருக்கிறது. ஆல்ஃபிரட் பேர்ட் என்று இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடைக்காரர். அவருடைய மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837இல் செய்தார். ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி எழும்பட்டும் என்று 1843இல் பேக்கிங் பவுடரைச் செய்தார். இரண்டுமே வீட்டில் ஒருவருக்காகத் தொடங்கியதுதான்.

உன் பவுடர் பழசா என்று பார்க்க ஒரு ஸ்பூனை வெந்நீரில் போடு. நுரைத்துக்கொண்டு பொங்கினால் நல்லது. சும்மா கரைந்தால் தூக்கிப் போடு. சோடாவை வெந்நீரில் போட்டுப் பார்க்காதே, கொஞ்சம் வினிகரில் போடு. அதைச் சிங்க்கில் வைத்துத் தம்பியைச் செய்ய விடு, பொங்கி வழியும்.

அப்பாவுக்கு ஒன்று: தெர்மாமீட்டரை நடு அடுக்கில், டின் இருக்கிற இடத்திலேயே வையுங்கள். கதவோரம் வைத்தால் வேறு சூடு காட்டும்.